புகைக்குழாயில் குளவிக்கூடு

லோர்னா ட்ரெம்பாத் இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பார்லோ பள்ளத்தாக்கிலிருந்து டவுனுக்குப் போக ஒரே சாலைதான். நடுவில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய மரப்பாலம் இருக்கிறது. அதைக் காலையும் மாலையும் தாண்டியவர். எந்த நிறுத்தத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர் நின்றதில்லை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே ஓடிவரும் பிள்ளையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டும் கிளம்பிவிடுவார் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஓடிவரும் பிள்ளைக்கு நிற்பார். நடந்துவரும் பிள்ளைக்குத்தான் நிற்கமாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கடிகாரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் தென்கோளத்தில் கோடையும் காட்டுத்தீயும் டிசம்பரில் வரும்; செப்டம்பர் பிறந்ததும் லோர்னா அதற்குத் தயாராகத் தொடங்குவார். தைலமரங்கள் உரித்துப் போடும் பட்டைகளை வாரிக் கட்டி அப்புறப்படுத்துவார். வராந்தாவை ஒட்டி அடுக்கிய விறகை வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி மாற்றுவார். மரத்தரைக்கு அடியில் கங்கு நுழையாதபடி நுண்ணிய கம்பி வலை அடிப்பார். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் 'தண்ணீர்' என்று பெரிய எழுத்தில் எழுதி, சிமென்ட் தொட்டியைக் காட்டும் அம்புக்குறி போட்ட பலகையைத் துடைத்து வைப்பார். வெளியூரிலிருந்து வரும் தீயணைப்பு வண்டிக்காரனுக்கு, நாம் இல்லாவிட்டாலும் அந்தப் பலகை வழி சொல்ல வேண்டும் என்பார்.

அவருடைய கணவர் முர்ரேயின் பொறுப்பு பம்பு. பெட்ரோல் என்ஜின் வைத்த பம்பு அது. தொட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. தீ வரும் நாளில் முதலில் போவது மின்சாரம். அப்போது வீட்டுக் குழாயில் சொட்டு வராது. கயிற்றை இழுத்துக் கிளப்பும் அந்த என்ஜின்தான் வீட்டின் உயிர். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு முர்ரே அதைக் கிளப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். லோர்னா ஞாயிறு காலைகளில் டவுன் சந்தையில் ஜாம் விற்கப் போய்விடுவதால் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. மத்தியானம் வீடு திரும்பியதும் கேட்பார். "ஓட்டியாச்சு" என்பார் முர்ரே.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்பு வந்த பெருந்தீக்குப் பிறகு முர்ரே கைப்பட எழுதியது. அந்தத் தீயில் பள்ளத்தாக்கில் இரண்டு வீடுகள் ஆளோடு போயின. இரண்டிலும் பம்பு நடுவில் நின்றுபோயிருந்தது. தாளில் இருந்தது கொஞ்சம்தான். தீ அபாயத்தின் உச்சகட்டமான 'பேரழிவு நிலை' என்று முந்தைய நாள் அறிவித்தால், காலை ஒன்பது மணிக்கு லோர்னா கிளம்பிவிட வேண்டும். முர்ரே இருந்து வீட்டைக் காப்பார். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு: பம்பு ஓடாவிட்டால் யாரும் இருக்கக் கூடாது.

அந்த நிலையில் எல்லோரும்தான் வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் சொல்கிறது. அதெல்லாம் டவுன்காரர்களுக்கு என்பார் முர்ரே. இதற்காக லோர்னா வருடத்துக்கு ஒரு முறை சண்டை போடுவார், வருடத்துக்கு ஒரு முறை தோற்பார்.

தாளில் எழுதாத ஒன்றும் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் லெஸ் பிக்கரிங் இருந்தார். எழுபத்துநான்கு வயது, மனைவியை இழந்தவர். முர்ரே இருந்தால் லெஸ்ஸும் இருப்பார். இதை இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. லெஸ்ஸின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முர்ரேயின் வெள்ளை யூட், பின்னால் சாமான் தட்டு வைத்த வண்டி, தெரியும். வண்டி நிற்கிறதா, அவரும் நிற்பார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் திட்டம் இப்படித்தான், பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து நடக்கும்.

அந்த வருடம் ஜனவரி கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை வானொலியில் அறிவிப்பு வந்தது. மறுநாள் நாற்பத்துநான்கு டிகிரி. வடக்கிலிருந்து பலத்த காற்று. பின்மதியம் காற்று தென்மேற்காகத் திரும்பும். பேரழிவு நிலை.

வியாழன் காலை ஆறரைக்கே காற்று எழுந்துவிட்டது. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி. மகள் ஜனீன் அந்தக் கோடையில் தாய்வீட்டில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். கணவன் வடக்கே சுரங்க வேலையில். லோர்னா அவளுக்குக் கம்பளி ஸ்வெட்டரையும் தடித்த பருத்திப் பேன்ட்டையும் எடுத்து வைத்தார். நைலான் துணி உடம்போடு உருகி ஒட்டும், கம்பளி ஒட்டாது.

"அம்மா, நாப்பத்துநாலு டிகிரில ஸ்வெட்டரா? ஆட்டைப் போர்வையில சுத்துன மாதிரி இருக்கேன் நான்."

"ஆட்டுக்குப் பழக்கம்தான். போடு."

"கார்ல ஏ.சி. போடுவல்ல?"

"போடுவேன். நீ வாய மூடிட்டு பைய எடுத்து வெச்சா சீக்கிரமே போடுவேன்."

ஜனீன் ஜன்னல் திரைகளைக் கழற்றிக் குளியல் தொட்டியில் போட்டாள். வாசல் மிதியடியை உள்ளே இழுத்தாள். சமையல் வாயு உருளையின் வால்வு வீட்டைப் பார்க்காதபடி திருப்பி வைத்தாள். முர்ரே தரையில் நின்றுகொண்டு, இடது கையால் குழாயைப் பிடித்துச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தார். கூரையோரத்து மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் நிற்பதற்காக, அதன் இறங்கு குழாய் வாய்களில் டென்னிஸ் பந்துகளை அடைக்க வேண்டும். எல்லா வருடமும் ஏணியில் ஏறி அதைச் செய்பவர் முர்ரே. அன்று லோர்னாவை ஏறச் சொன்னார். லோர்னா ஏறினார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

எட்டேகால் மணிக்கு, முர்ரேவுக்கு வேண்டிய குடிதண்ணீர்க் கேன்களையும் ஈரத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு லோர்னா பம்புக் கொட்டகைக்குப் போனார். கேனைக் கீழே வைக்கும்போது என்ஜினின் புகைக்குழாய் கண்ணில் பட்டது. அதன் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது.

குளவிக்கூடு. விரலால் அழுத்திப் பார்த்தார். ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஓரத்தில் பென்சில் நுழையும் அளவு ஒரு துளை இருந்தது. உள்ளே புழுவாக இருந்தது வளர்ந்து, இறக்கை முளைத்து, துளைத்துக்கொண்டு பறந்தும் போய்விட்டது. மண்ணைக் கொண்டுவந்து கட்டியதிலிருந்து அதுவரை ஒரு மாதத்துக்குக் குறையாது. அந்த ஒரு மாதத்தில் நாலு ஞாயிறு வந்து போயிருக்க வேண்டும்.

லோர்னா கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"முர்ரே, இங்க கொஞ்சம் வா."

"செவுரு காயுது."

"காயட்டும். வா."

முர்ரே குழாயைப் போட்டுவிட்டு வந்தார்.

"பம்பை எப்போ ஓட்டுன?"

"ஞாயித்துக்கிழமை. எப்பவும் போல."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

லோர்னா ஒதுங்கி நின்று புகைக்குழாயைக் காட்டினார். முர்ரே அதைக் குனிந்து பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த திருப்புளியை இடது கையால் எடுத்தார்.

"மண்ணுதானே. தட்டுனா உதுந்துடும்."

தட்டினார். உதிர்ந்தது. கம்பி விட்டு உள்ளேயும் சுரண்டினார்.

"இப்ப ஓட்டு" என்றார் லோர்னா.

முர்ரே இடது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தார். என்ஜின் உறுமக்கூட இல்லை, முனகிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். மூன்றாவது தடவை, மறந்துபோய் வலது கையை வைத்தார். பாதி இழுப்பில் முகம் வெளுத்து, கயிறு கையை விட்டுச் சுருண்டது. பக்கத்திலிருந்த பெட்ரோல் கேன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எப்போலேருந்து?"

"அக்டோபர்."

"அந்தக் கிளை வெட்டுனப்பவா? சுளுக்குன்னு சொன்ன."

"அன்னிக்கி சுளுக்குதான்." தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "தசைநார் கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னார் டாக்டர். கோடை முடியட்டும்னுட்டேன்."

மூன்று மாதமாக அவர் டீக்கோப்பையை இடது கையில் பிடித்ததையும், சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்ததையும் லோர்னா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டார். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் எண்ணிப் பழகிய கண் இதைத் தவறவிட்டதே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு கயிற்றைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பம்பு கரும்புகை கக்கிக் கிளம்பியது.

முர்ரேயின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, ஓடுது. நீ கிளப்பி விட்டுட்டுப் போ. மத்தத நான் பாத்துக்கறேன்."

லோர்னா என்ஜினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தினார்.

"ஒண்ணேகால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் ஊத்த நிறுத்தணும். ரெண்டாவது தடவை யார் இழுப்பா?"

முர்ரே பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"நீயும் இரேன்."

காற்றில் கொட்டகைத் தகரம் படபடத்தது. லோர்னாவால் முடியும். கயிறு இழுக்க முடியும், குழாய் பிடிக்க முடியும். அந்த வீட்டின் ஒவ்வொரு பலகையும் அவர் வர்ணம் பூசியது. இருந்துவிடலாம் என்று அந்த ஒரு நொடி அவருக்குத் தோன்றத்தான் செய்தது. அதைப் பிற்பாடு அவரே சொன்னார். கொட்டகை வாசல் வழியாக ஜனீன் தெரிந்தாள். கம்பளி ஸ்வெட்டரில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாயைக் காரில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் ஏறவில்லை.

"இவ தனியா பாலத்தைத் தாண்டிப் போகட்டுங்கறியா? நடுவுல ஒரு மரம் விழுந்துச்சுன்னா?"

லோர்னா வீட்டுக்குள் போய், குளிர்பதனப் பெட்டியிலிருந்த தாளை எடுத்துவந்து என்ஜின் மேல் வைத்தார்.

"படி."

"நான் எழுதுனதுதான. தெரியும்."

"தெரியும்னா படி."

முர்ரே படித்தார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் தாளைத் தூரமாகப் பிடித்து, கடைசி வரி வரை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பம்பு ஓடுது. ஆளுதான் ஓடல" என்றார். பிறகு, "மணி என்ன?"

"எட்டே முக்கால்."

எழுந்தவர் நின்றுவிட்டார். "லெஸ்."

இத்தனை நேரம் லோர்னாவுக்கு லெஸ் ஞாபகமே வரவில்லை. வண்டி போனதைப் பார்த்தால் அவரும் போய்விடுவாரா? முர்ரே ஏதோ வாங்கப் போயிருக்கிறார், திரும்பிவிடுவார் என்று ஜன்னலில் காத்திருக்கவும் செய்வார். போன் செய்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூரை மேல் இருப்பார்.

"நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்க கேட்டெல்லாம் திறந்து வைக்கறேன்" என்றார் முர்ரே.

"நீதான் சொல்லணும். நான் சொன்னா, பொண்டாட்டி இழுத்துட்டுப் போறான்னு சிரிச்சிட்டு அங்கேயே இருந்துடுவாரு."

"என்னன்னு சொல்றது?"

"கைய காட்டு."

கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒன்பது ஐந்து. பேருந்துக் காலத்தில் லோர்னா அப்படி ஐந்து நிமிடம் பிந்தியதில்லை. சாலை முனைக்கு வந்தபோது போனில் எச்சரிக்கை வந்தது. வடக்கே இருபது கிலோமீட்டரில், மலை முகட்டில் தீ பிடித்திருக்கிறது. அந்த முனையில் வலப்பக்கம் பாலம்; இடப்பக்கம் திரும்பினால் லெஸ் வீட்டு மண்பாதை. லோர்னா கண்ணாடியை இறக்கி, பின்னால் வந்த யூட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல நிக்கமாட்டேன்."

"தெரியும்" என்று முர்ரே இடப்பக்கம் திரும்பினார்.

காரில் நாய் மூச்சிரைத்தது. வடக்கே வானத்தின் அடியில் ஒரு பழுப்புக் கறை எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து பள்ளத்தாக்குப் பக்கம் நீண்டது.

"அம்மா, நெஜமா நிக்கமாட்டியா?"

"கடிகாரத்தைப் பாரு, என்னைப் பாக்காத."

ஆறு நிமிடம். எட்டு. காற்றில் மரப்பட்டை ஒன்று பறந்துவந்து கண்ணாடியில் அடித்தது. ஓரம் கருகியிருக்கிறதா என்று இருவரும் பார்த்தார்கள். இல்லை. பத்து. ஜனீன் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். பதினொன்று. லோர்னா கியரைப் போட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுக்கும் முன் கண்ணாடியைப் பார்த்தார். மண்பாதை வளைவுக்கு அப்பால் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக வரும் வண்டி அப்படித் தூசி கிளப்பாது. ஓடிவருகிறார்கள். லோர்னா பிரேக்கிலேயே காலை வைத்திருந்தார்.

முன்னால் யூட் வந்தது. அதன் வாலைப் பிடித்த மாதிரி லெஸ்ஸின் பழைய பச்சைக் கார். மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தைத் தாண்டும்போது ஒன்பது முப்பது. பகல் ஒன்றரைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மரங்கள் விழுந்து சாலை மூடப்பட்டது. மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. அதுவரை தெற்கே ஓடிய தீயின் நீண்ட பக்கவாட்டுப் பகுதி முழுவதும் முன்முகமாக மாறி, பள்ளத்தாக்குக்குள் இறங்கியது.

டவுன் விளையாட்டு மைதானத்தில், தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பதினோரு நிமிடத்தில் நடந்ததை லெஸ் எங்களுக்கு நடித்தே காட்டினார். கூரை மேல் டென்னிஸ் பந்தும் கையுமாக இருந்திருக்கிறார். கீழே முர்ரே.

"என்னடா முர்ரே, காலையிலேயே டீக்கு வந்துட்ட?"

"நான் போறேன் லெஸ். இந்தக் கையால கயிறு இழுக்க முடியல. அக்டோபர்லேருந்து."

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை உன் பம்பு சத்தம் கேட்டாத்தான் நான் டீக்குத் தண்ணி வெப்பேன். மூணு மாசமா எனக்கு டீ லேட்டு."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"பழுதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

"பம்பு ஓடலன்னு தெரிஞ்சும் நீ எதுக்குடா இங்க இருக்க?"

"உன் வண்டி அங்க நிக்குதே. நீ இருக்கறப்ப நான் மூட்டையத் தூக்கிட்டு ஓடுனா, அப்புறம் உன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

பேசிக்கொண்டே லெஸ் ஏணியில் இறங்கியிருக்கிறார். எழுபத்துநாலு வயது ஆள் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை என்றார் முர்ரே. காரின் பின்சீட்டில் கிடந்த தார்ப்பாயை லெஸ் விலக்கினால், அடியில் பை, போர்வை, மனைவியின் தையல் பெட்டி, பூனைக்கூண்டு, கூண்டுக்குள் கோபத்தோடு பூனை.

"அஞ்சு மணிலேருந்து கட்டி வெச்சிருக்கேன். நீ எப்படா கிளம்புவன்னு பாத்துட்டே இருந்தேன்."

"இன்னிக்கா?"

"பதினோரு வருஷமா."

அதற்கு முர்ரே சொன்ன வார்த்தையை லெஸ் சொல்லவில்லை. ஜனீன் பக்கத்தில் இருந்தாள்.

ஆறாம் நாள் எங்களைப் பள்ளத்தாக்குக்குள் விட்டார்கள். ட்ரெம்பாத் வீடு நின்றது. மேற்குச் சுவர் கருகி, ஒரு ஜன்னல் வெடித்திருந்தது. தொட்டியில் தண்ணீர் பாதிக்கும் கீழே. எந்த ஊர்த் தீயணைப்புக் குழுவோ திறந்த கேட்டையும் அம்புக்குறியையும் பார்த்து உள்ளே வந்து, தொட்டியிலிருந்து எடுத்து அடித்துவிட்டுப் போயிருக்கிறது. பெயர் விட்டுப் போகவில்லை. பம்புக் கொட்டகை இருந்த இடத்தில் உருகி உறைந்த சாம்பல் நிறக் கட்டி கிடந்தது. அதன் குறுக்கே ஒரு தைலமரம் வேரோடு சாய்ந்திருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு முர்ரே எங்கே நின்றிருப்பார் என்று லோர்னாவுக்குத் தெரியும். முர்ரேவும் அந்த இடத்துக்குப் போய் நின்று, மரத்தின் மேல் இடது கையை வைத்துப் பார்த்தார்.

லெஸ் வீட்டில் செங்கல் புகைபோக்கி மட்டும் மிச்சம். அவர் வெகுநேரம் வாசல்படியில் நின்றார். உள்ளே போக ஏதும் இல்லை.

"மூணு நாள் கூரை மேல உக்காந்து சருகு பொறுக்குனேன்" என்றார் கடைசியில். "இப்ப பாரு, ஒரு சருகு இல்ல."

லோர்னா அவர் முழங்கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிவந்தார்.

முர்ரேவுக்கு ஏப்ரலில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்பே ஜனீனுக்குப் பெண் பிறந்துவிட்டது. ட்ரெம்பாத் வீட்டுக் கொல்லையில் சக்கரம் வைத்த ஒரு கேரவன் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, லெஸ் பூனையோடு அதில் இருந்தார். பெரிய கிழிசல் என்பதால் தோள் இரண்டாம் முறையும் தைக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் செப்டம்பர் வந்தபோது முர்ரேயின் வலது கை மறுபடி கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. ஒரு காலையில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பழைய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, இடது கையால் பேனாவைப் பிடித்துப் புதிய தாள் ஒன்றை எழுதினார். எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. லோர்னா அதைக் குளிர்பதனப் பெட்டியில் மாட்டினார்.

டீக்கு வந்த லெஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதென்னடா, கோழி நடந்துருக்கு?"

"படிக்க முடியுதா இல்லையா?"

"முடியுது" என்றார் லெஸ். "எட்டு மணி. மூணு வண்டியும்."

"எட்டுன்னா எட்டு" என்று லோர்னா டீயை ஊற்றினார். "அஞ்சு நிமிஷம்கூடக் கிடையாது."